திங்கட்கிழமை அளவுகள்

ஒரு மனுஷியின் மூச்சுக்குழாயை மூன்றே வாரத்தில் வளர்த்துக் காட்டுவேன் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டர் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும்போதுகூட சொல்ல முயன்றிருக்கிறேன். இப்போது யாராவது "நீங்கதானே அந்த நுரையீரல் சர்டிபிகேட் டாக்டர்?" என்று கேட்டால், "இல்லீங்க, அது வேற யாரோ" என்று நகர்ந்துவிடுகிறேன்.

என் பெயர் வசுமதி. நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஜெல் காய்ச்சுகிறவள். மீன் செதிளிலிருந்து எடுத்த கொலாஜனையும் கடற்பாசிச் சாற்றையும் சரியான சூட்டில் சேர்த்தால் கெட்டித் தயிர் பதத்தில் ஒரு ஜெல் வரும். மனித செல்களை அதற்குள் விட்டால் தாங்கள் இன்னும் உடம்புக்குள்தான் இருக்கிறோம் என்று நம்பி, அடுக்கடுக்காக, குழாய் குழாயாக வளரும். எங்கள் ஆய்வுக்கூடம் கோயம்புத்தூரிலிருந்து பல்லடம் போகிற வழியில் இருந்தது. சுற்றிலும் நூற்பாலைகள். பஞ்சுத் தூசி சிலருடைய நெஞ்சைக் கெடுக்கும், சிலரை ஒன்றும் செய்யாது. யாரைக் கெடுக்கும் என்று முன்னாலேயே தெரிந்தால் அந்த ஆளைத் தூசி இல்லாத பிரிவுக்கு மாற்றிவிடலாமே என்று நினைத்தேன். சத்தியமாக நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தேன்.

செய்முறை ரொம்பச் சின்னது. தொழிலாளியின் மூக்குக்குள் ஒரு பிரஷ்ஷை விட்டுக் கொஞ்சம் செல் எடுப்போம். அதைக் காற்றுக்குழாய்ச் செல்லாகவும் தசைச் செல்லாகவும் பிரித்து ஜெல்லில் வளர்ப்போம். வளர்ந்ததும் அதைத் தூசிப் பெட்டிக்குள் வைத்து, திங்கள் முதல் வெள்ளி வரை தினம் எட்டு மணி நேரம் மில்லில் அடிக்கிற அதே பஞ்சுத் தூசியை அடிப்போம். தூசி ஒத்துக்கொள்ளாத குழாய் சுருங்கும். எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான் அளவு. இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பாஸ், பத்துக்கும் கீழே என்றால் ஏ கிரேடு.

இதில் ஒரே ஒரு தொல்லை. திங்கட்கிழமை அளவு மட்டும் எப்போதும் தாறுமாறாக வரும். முப்பது காட்டும், நாற்பது காட்டும். செவ்வாயில் பாதியாகும், வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் சாதுவாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு, செல்களுக்குச் சத்துநீர் மாற்ற ஆள் கிடையாது. ஒரு நாள் பட்டினி கிடந்த செல்கள் முரண்டு பிடிக்கின்றன என்று நானே முடிவு கட்டினேன். என்னிடம் பதினைந்து வருஷம் வேலை பார்த்த டெக்னீஷியன் ஜெயசீலன் அதற்கு 'திங்கக்கிழமை ஆட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டான். விதிமுறை எழுதும்போது ஒரு வரி சேர்த்தேன்: வாரத்தின் முதல் நாள் அளவு கணக்கில் கொள்ளப்படாது. இந்தப் பரிசோதனைக்கு ஒப்புதல் கொடுத்த குழுவில் ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு, "என்ன தெளிவு!" என்று பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஆக, வெள்ளிக்கிழமை அளவை வைத்துச் சான்றிதழ் கொடுத்தோம். இரண்டே வருஷத்தில் அந்த வட்டாரத்தில் நுரையீரல் சான்றிதழ் இல்லாமல் எந்த மில்லிலும் கால் வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு அதையும் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் ஜெயசீலனும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சம்பூர்ணம் வந்தது அப்போதுதான். நாற்பத்தொரு வயது. எங்கள் முதல் வாடிக்கையாளரான மில்லில், கார்டிங் பிரிவில் வேலை. பஞ்சை மெஷின் சீவி எடுக்கிற இடம் அது, தூசி அதிகம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லீவு போட்டுவிட்டு, கையில் தன் சான்றிதழோடு வந்து என் அறை வாசலில் நின்றாள். வரச் சொல்லாமல் வருகிறவர்களைக் கண்டால் எனக்கு அப்போதெல்லாம் சுர்ரென்று ஏறும்.

"ஏனுங்க டாக்டரம்மா, இது என்ற நெஞ்சுதானுங்களா?" என்று சான்றிதழை நீட்டினாள்.

"உங்க பேர்தானே போட்டிருக்கு?"

"பேரு என்றதுதானுங்க. ஆனா ஏ கிரேடுன்னு போட்டிருக்குதே. எனக்கு மூச்சு அடைக்குதுங்க. சூப்பர்வைசர்கிட்டச் சொன்னா, உன்ற சர்டிபிகேட்டு ஏ கிரேடு, சும்மா நடிக்காதேங்கறாரு. ஆஸ்பத்திரிக்குப் போனா அங்கயும் அதைத்தான் மொதல்ல கேக்கறாங்க. பாத்துப்போட்டு, பயத்துல வர்ற மூச்சு, ஒண்ணுமில்லேன்னு அனுப்பீர்றாங்க."

"எப்போ அடைக்குது?"

"ஞாயித்துக்கெழம வூட்ல இருக்கையில நல்லாத்தானுங்க இருக்குது. திங்கக்கெழம காத்தால கார்டிங்குல காலெடுத்து வெச்சா, மத்தியானத்துக்குள்ள நெஞ்சுல கவுறு போட்டு இறுக்கறாப்புல இறுக்குதுங்க. செவ்வா, பொதன்னு போகப் போகச் சரியாப் போயிருது. மறுபடி திங்கக்கெழம வந்தா அதே கூத்து."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது, ஆனால் அன்றைக்குச் சிரித்தேன். "திங்கட்கிழமைன்னா எல்லாருக்கும்தான் நெஞ்சு அடைக்குது. எனக்கும்தான்" என்றேன். ஜெயசீலனும் சிரித்தான். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் சிரிக்க வேண்டுமோ என்று நினைத்துச் சிரித்து வைத்தாள்.

பாவமாக இருந்ததால் அவளை உள்ளே கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். சான்றிதழ் கொடுத்த பிறகும் ஒவ்வொருவருடைய வளர்ப்பிலும் கொஞ்சம் உறைய வைத்திருப்போம். அன்று யோகம், அவளுடையது வேறு ஒரு பரிசோதனைக்காக வளர்ந்துகொண்டிருந்தது.

"சாதாரணத் தட்டுல வளர்த்தா செல்லெல்லாம் தோசை மாதிரி பரந்துடும். உடம்புக்குள்ள எதுவும் தோசை மாதிரி இல்லையே! இந்த ஜெல்லுக்குள்ள வளர்த்தா பணியாரம் மாதிரி உருண்டு திரண்டு வரும். நிஜமாவே உங்க நெஞ்சுல இருக்கிற மாதிரி. அதோ பாருங்க, ஓரத்துல முடி முடியா ஆடுதே, அது தூசியை வெளிய தள்ளுறது."

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "அழகா ஆடுதுங்க" என்றாள்.

"அஞ்சு நாள் தூசி அடிச்சும் எட்டு சதவீதம்தான் சுருங்கிச்சு. உங்களை மாதிரி நுரையீரல் நூறு பேர்ல பத்து பேருக்குத்தான் இருக்கும். பொய் சொல்றதுக்கு அதுக்கு வாய் கிடையாது."

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு வெட்கம். "அப்ப எனக்கு மனசுதான் செரியில்லீங்களாட்ட இருக்குது. இத்தனை நல்லா இருக்கறதைக் கையில வெச்சுக்கிட்டு நான்தான் பொலம்பிட்டிருக்கறேன்" என்றாள். இன்னொரு தடவை பரிசோதனை செய்ய முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தாளாம். கேட்காமலே போய்விட்டாள். போகும்போது என் வேலையைக் கெடுத்ததற்கு மன்னிப்பு வேறு கேட்டாள்.

அதற்கடுத்த மாதம் அவள் வேலை பார்த்த மில்லுக்கு ஒரு விருந்துக்குப் போனேன். அங்கே ஆள் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட மனோகரன் என்னைச் சுற்றிக் காட்டினார். நல்ல மனுஷர், குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கார்டிங் பிரிவில் கூரையோரம் தூசி உறிஞ்சும் ஃபேன்கள் பாதிக்கு மேல் நின்றுபோயிருந்தன. ரிப்பேரா என்று கேட்டேன்.

"நாங்கதான் நிறுத்தி வெச்சிருக்கோம் மேடம். தூசி தாங்கற ஆளுகளாப் பாத்து எடுத்தாச்சு. அப்புறம் எதுக்கு அத்தனை ஃபேன்? எல்லாம் உங்க புண்ணியம்" என்றார்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தட்டில் சூடாக போண்டா கொண்டு வந்து வைத்தார்கள், சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் போனது. அந்தப் பொங்கலுக்கு எங்களுக்கு திங்கள் முதல் வியாழன் வரை லீவு. ஆனால் செல்களைப் பட்டினி போடவில்லை. தானாகச் சத்துநீர் மாற்றும் இயந்திரம் ஒன்று புதிதாக வாங்கியிருந்தோம், லீவு நாள் முழுக்க அது ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊற்றிக்கொண்டே இருந்தது. தூசிப் பெட்டி மட்டும்தான் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை காலை வந்து தூசியை ஆரம்பித்தோம். சாயங்காலம் ஜெயசீலன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். அவன் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"மேடம், இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"அதுக்கென்ன?"

"திங்கக்கிழமை ஆட்டம் ஆடுது. வழக்கத்தை விட அதிகமா ஆடுது."

"இயந்திரம் சரியா ஊத்தலையோ என்னவோ."

"ஒரு தடவைகூடத் தப்பாம ஊத்தியிருக்கு. ஒண்ணுகூட பட்டினி கிடக்கல." அளவுத் தாளை என் மேஜையில் வைத்தான். "பட்டினி இல்ல மேடம். தூசி இல்லாம இருந்துட்டுத் திரும்பத் தூசியப் பாக்குதுல்ல, அதான். அப்பதான் நிஜமா எப்படி இருக்குன்னு காட்டுது. தினமும் அடிச்சா மரத்துப்போயிடுது. நாம இத்தனை வருஷமா மரத்துப்போன நாள்ல அளந்திருக்கோம்."

எழுந்துபோய் என் பழைய பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இருந்தது. பஞ்சாலைத் தொழிலாளிகளுக்கு வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் எழுதி வைத்திருந்தார்கள். தூசி உறிஞ்சும் ஃபேன்கள் வந்தபின் இது அரிதாகிவிட்டது என்று ஒரே பத்தியில் பாடம் முடிந்திருந்தது. பக்கத்தில் என் கையெழுத்தில் 'முக்கியம் இல்லை' என்று பென்சிலால் எழுதியிருந்தேன்.

நல்லவேளை, ஜெயசீலன் திங்கட்கிழமை அளவுகளை அழிக்கவில்லை. தனியாக ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தான். இரண்டு பேரும் சனி, ஞாயிறு உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்தோம். நாங்கள் பாஸ் போட்டவர்களில் நானூற்றுச் சொச்சம் பேர் திங்கட்கிழமையை வைத்துப் பார்த்தால் கார்டிங் பக்கமே போகக்கூடாதவர்கள். சம்பூர்ணத்தின் பெயரைத் தேடினேன். வெள்ளிக்கிழமை எட்டு. திங்கட்கிழமை நாற்பத்து மூன்று. அந்தப் பட்டியலிலேயே அதுதான் அதிகம்.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பயம். முதலில் அவளை வேறு பிரிவுக்கு மாற்ற ஏற்பாடு செய்துவிட்டு, நல்ல செய்தியோடு போகலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மில்லுக்கும் ஒப்புதல் குழுவுக்கும் நாற்பது பக்கத்தில் அறிக்கை எழுதினேன். தப்பு என்னுடையது என்று முதல் பக்கத்திலேயே போட்டேன். பெயர்ப் பட்டியலை இணைத்தேன். ஃபேன்களை ஓடவிட வேண்டும், இந்த நானூறு பேரையும் உடனே மாற்ற வேண்டும் என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து மனோகரன் போன் செய்தார். குரலில் அவ்வளவு மரியாதை.

"மேடம், உங்க ரிப்போர்ட்ட எங்க எம்.டி. வரி விடாமப் படிச்சாருங்க. பிரச்சினை எங்கேன்னு கையில புடிச்சுக் குடுத்துட்டீங்க."

"ஆளுங்களை மாத்திட்டீங்களா?"

"அதுக்கு அவசியமே இல்லீங்களே. நீங்களே எழுதியிருக்கீங்க, தெனமும் தூசி பட்டா நெஞ்சு பழகிக்குது, ஒரு நாள் படாம இருந்தாத்தான் கெடுதுன்னு. அப்ப பிரச்சினை தூசியில இல்லீங்க, தூசி இல்லாத ஞாயித்துக்கெழமையிலதான் இருக்குது. அதைச் சரி பண்ணிட்டோம்."

நான் என்ன எழுதினேன், இவர் என்ன படித்தார்! கத்தினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வெறும் கத்தலால் ஆகாது என்று, ஜெயசீலனும் நானும் சனி, ஞாயிறுகூட விடாமல் ஒன்பது வாரம் தூசி அடித்துப் பார்த்தோம். திங்கட்கிழமை ஆட்டம் அடியோடு நின்றுபோனது. வெட்டிப் பார்த்தால் குழாயின் சுவர் தடித்து, இறுகி, விரியவும் தெரியாமல் சுருங்கவும் தெரியாமல் கிடந்தது. ஆடிக்கொண்டிருந்த முடிகள் ஒன்றுகூட மிச்சமில்லை. படம் எடுத்து அனுப்பினேன்.

"சுருக்கம் எத்தனைங்க மேடம்?" என்று கேட்டார் மனோகரன்.

"மூணு சதவீதம். ஆனா அது..."

"சர்டிபிகேட்டுக்குச் சுருக்கம் மட்டும்தான் அளவுன்னு விதி எழுதுனதே நீங்கதானுங்களே" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்த்தான் கேட்டார். ஒப்புதல் குழுவும் அதையே இன்னும் அழகான தமிழில் எழுதி அனுப்பியது.

அதற்குப் பிறகுதான் சம்பூர்ணத்தின் வீட்டுக்குப் போனேன். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். பல்லடத்துக்கு வெளியே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் கடைசி வீடு. கோழிக் குழம்பு வாசம் தெருமுனை வரைக்கும் வந்தது.

"அடடே, டாக்டரம்மாவா! வாங்க வாங்க, உள்ள வாங்க" என்று எழுந்தாள். நாலு வார்த்தை பேசியதற்கே நின்று மூச்சு எடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்த ஆள் இல்லை. கழுத்துக் குழி உள்ளே போயிருந்தது. ஆனால் முகம் முழுக்கச் சந்தோஷம்.

"உங்களுக்கு ஆயுசு நூறுங்க. போன வாரந்தான் நெனச்சேன். நீங்க எழுதிக் குடுத்துத்தான் இந்தப் பெட்டி குடுத்தாங்கன்னு மில்லுல சொன்னாங்க. இது வந்ததுக்கப்பறம் திங்கக்கெழம நெஞ்சு இறுகறதே இல்லீங்க. ஒரு திங்கக்கெழம கூட!" என்றாள். அலமாரியிலிருந்து டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியை எடுத்து வந்து காட்டினாள். ஒரு பக்கம் ரப்பர் முகமூடி, மறு பக்கம் பஞ்சுத் தூசி அடைத்த சின்னப் பை. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு மூச்சு விட வேண்டும். விட்டோமா என்று பெட்டியே கணக்கு வைத்துக்கொள்ளும். மறுநாள் மில் கேட்டில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். "என்னமோ இப்ப ஏறி எறங்கத்தான் முடியறதில்லீங்க. வயசாகுதில்லீங்களா" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு, நாற்பத்து மூன்று, பட்டினி என்று நான் நினைத்தது, அந்த ஒரு வரி, ஒன்பது வாரம் கழித்து ஜெல்லில் பார்த்தது, எல்லாம். இடையில் அழுதுவிட்டேன், அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"அன்னிக்கே சொன்னனுங்களே டாக்டரம்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சொன்னீங்க. நான்தான் கேக்கல. நீங்க சொன்னது அத்தனையும் நிஜம். அந்த மைக்ராஸ்கோப்புல காட்டினதுதான் தப்பு."

"நான் அதைத்தான் நம்புனேன். அதுக்கப்பறம் எத்தனை அடைச்சாலும், உன்ற நெஞ்சு நல்லாத்தான் இருக்குது, பாத்தியில்ல, ஆடுச்சில்லன்னு எனக்கு நானே சொல்லிக்குவனுங்க." அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "எம்புள்ள காலேஜு முடிக்க இன்னும் ரெண்டு வருசம் இருக்குதுங்க. இதைப் போடலீன்னா நாளைக்குக் கேட்டு தொறக்காது. போட்டா நீங்க சொல்றாப்புல ஆகும். அன்னிக்கும் நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் நடந்தேன். இன்னிக்கும் நீங்களே சொல்லுங்க. போடட்டுங்களா, வேண்டாங்களா?"

எத்தனையோ குழுக்களுக்கு முன்னால் எழுதி வைக்காமலே ஒரு மணி நேரம் பேசியவள் நான். போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறி வீட்டுக்குப் போகிற உரிமை எனக்கு இல்லை. போடுங்கள் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. நாலைந்து வார்த்தை ஆரம்பித்து ஒன்றையும் முடிக்கவில்லை. அவள் என் முழங்காலில் லேசாகத் தட்டினாள், பரவாயில்லை என்பது போல.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முகமூடியை மாட்டிக்கொண்டாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மாட்டிய பிறகு பேசக் கூடாதாம். கையை நீட்டி அடுப்பைக் காட்டினாள். கரண்டியைக் காட்டினாள்.

நான் எழுந்துபோய்க் குழம்பு அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் ஆனது.